கல்லாவிக்குப் பாட்டு இல்லை

எங்கள் கம்பெனி பஸ்ஸில் திங்கட்கிழமை என்னுடையது. வெளியாட்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். ஓசூர் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ் அது. ஐம்பது பேரில் பாதிப் பேர் மதுரைக்குத் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். மீதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். வீட்டில் தெலுங்கு, மாமியார் வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தமிழ், மேனேஜரிடம் ஆங்கிலம் என்று ஒரே நாளில் நாலு பாஷை புழங்கிவிட்டு, அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள். முன்பெல்லாம் பஸ் கிளம்பியதுமே யாருடைய பென் டிரைவைச் செருகுவது என்று சண்டை வரும். ஒருநாள் ஒரு பென் டிரைவ் ஜன்னல் வழியாக வெளியே போனது. மறுநாள் டிரைவர் ஒரு ஏற்பாடு செய்தார். திங்கள் தென் மாவட்டம், செவ்வாய் பழைய பாட்டு, புதன் கன்னடம், வியாழன் தெலுங்கு, வெள்ளி சாமி பாட்டு, சனிக்கிழமை டிரைவர் இஷ்டம். இரண்டு மாநிலங்கள் ஓர் ஆற்றை வைத்துக்கொண்டு இத்தனை காலமாக முடிக்காத காரியத்தை எங்கள் டிரைவர் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

தென் மாவட்டத்துக்கு நான்தான் பொறுப்பாளர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன். என் பென் டிரைவில் இருநூற்றுச் சொச்சம் பாட்டுகள். எல்லாமே மண், மீசை, அருவாள், ஆத்தா, தேர், திருவிழா. இந்தப் பாட்டுகளை ஊரில் இருந்தபோது நான் கேட்டதே கிடையாது. கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்த வயது. ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்த நான் ஒரு வார்த்தைகூடப் புரியாத இங்கிலீஷ் பாட்டு சி.டி.யை நண்பர்களுக்குப் போட்டுக்காட்டிக்கொண்டு திரிந்தேன். கோயில் கொடைக்கு நையாண்டி மேளம் வந்தால், காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுவேன். ஓசூருக்கு வந்த மூன்றாவது மாதம், நாலு பேர் தங்கியிருந்த வாடகை அறையில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் யாரோ உறுமி அடிக்கிற பாட்டு ஒன்றைப் போட்டார்கள். சோப்பு நுரையோடு உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குப் பிடித்த பேய் பத்தொன்பது வருஷமாக இறங்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் நான் யாரையும் ‘ஏலே’ என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசினால் வாயிலேயே போடுவார்கள். ஓசூர் தியேட்டரில் படம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது பஸ்ஸில் ஏறும்போதே, “ஏலே, தள்ளி உக்காருலே” என்றுதான் ஆரம்பிப்பேன். உத்தனப்பள்ளியிலிருந்து வருகிற என் பக்கத்து சீட்டுக்காரருக்கு அதில் ஒரு மயக்கம். அவருக்கும் என் வயதுதான். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனால் ரோஜாத் தோட்டம், இரண்டு மாடு. தினமும் சாயங்காலம் சொந்த ஊருக்கே போய்விடுகிறவர் என்பதால் ஊரைப் பற்றி ஏங்குவதற்கு அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்தக் குறையை என்னை வைத்துத்தான் தீர்த்துக்கொண்டார். “உங்கூர்ல எல்லாரும் இடுப்புல அருவா வச்சினுதான் நடப்பாங்களாண்ணா?” என்று ஒருமுறை கேட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். இடுப்பில் மூக்குப்பொடி மட்டைதான் இருக்கும். ஆனாலும் நான், “அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுல்லா” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கிறது என் ஊர். மண் கறுப்பு. மழை பெய்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பருத்தி, கம்பு, இப்போது மக்காச்சோளம். நெல் வயல் என்று ஒன்றை நான் முதன்முதலில் பார்த்ததே பஸ்ஸில் திருநெல்வேலி தாண்டியபோதுதான். அப்படிப்பட்டவன், செம்மண் புழுதியும் பச்சை வயலும் வாய்க்கால் தண்ணீரும் காட்டுகிற பாட்டை செல்போனில் பார்த்துக் கண் கலங்குவேன். அந்தப் பாட்டை எங்கே எடுத்தார்களோ, யாருடைய வயலோ. யாரோ ஒருவர் ஊரை நினைத்து நான் அழுதுகொண்டிருந்தேன். அதை ஸ்டேட்டஸாக வேறு வைப்பேன். கீழே, ‘எங்க மண்ணு’ என்று எழுதி ஒரு சிங்கத்தின் படமும் போடுவேன். ஊரில் இருக்கிற என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் போன் செய்தான். “எந்த ஊருடா அது? பாக்க நல்லாருக்கு” என்றான்.

புதன்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஓசூரில் ரேடியோவைத் திருகினால் முதலில் பேசுவது பெங்களூர்தான். அத்திப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் நடந்தால் செல்போன், நீங்கள் வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வரவேற்கும். திரும்பி நாலு அடி வைத்தால் மறுபடியும் வரவேற்கும். இப்படிப்பட்ட இடத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினால் காது என்ன செய்யும்? எனக்குக் கன்னடப் பாட்டுகள் பல்லவி, சரணம், நடுவில் வருகிற விசில் உட்பட மனப்பாடம். புதன்கிழமை காலையில் என் கால் தானாகத் தாளம் போடும். உத்தனப்பள்ளிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தால், கால் மரத்துப்போச்சு என்று சொல்லி உதறிவிடுவேன். குளிக்கும்போது என் வாயில் வருவது தென் மாவட்டப் பாட்டு இல்லை, புதன்கிழமைப் பாட்டுதான். இது வெளியே தெரிந்தால் திங்கட்கிழமை என் கையைவிட்டுப் போயிருக்கும்.

வீட்டில் மூன்று பேர். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ஓசூர். அவளுக்கு என் ஊரும் வேண்டாம், ஓசூரும் வேண்டாம். கொரியப் பாட்டு கேட்கிறாள். சுவர் முழுக்க ஏழு கொரியப் பையன்களின் படம். எனக்கு எல்லாரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள் என்று சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லை. பனி கொட்டுகிற ஏதோ ஒரு தெருவை வீடியோவில் பார்த்து, “அங்க போகணும்பா, மிஸ் பண்றேன்” என்றாள். போகாத ஊரை எப்படி மிஸ் பண்ண முடியும் என்று கத்தினேன். கத்தியபோது என் கையில் இருந்த போனில் அந்த நெல் வயல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆள் என் மனைவி. அவளுக்குக் கல்லாவி. ஊத்தங்கரைப் பக்கம், ஓசூர் இருக்கிற அதே கிருஷ்ணகிரி மாவட்டம்தான். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்து, போன வருஷம்தான் லைன் லீடர் ஆனாள். அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். பாட்டு விஷயத்தில் அவளுக்கு அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்பீக்கரில் ஊர்ப் பாட்டைப் போட்டால் அவள் சரியாக அந்த நேரத்தில் மிக்ஸியைப் போடுவாள். தேங்காய்ச் சட்னிக்கு இவ்வளவு நேரமா அரைப்பார்கள் என்று சில சமயம் தோன்றும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கேன்டீனில் எல்லாரையும் நிறுத்திவைத்து எச்.ஆர். ஒரு அறிவிப்பு செய்தார்கள். கம்பெனி தூத்துக்குடிப் பக்கம் புதிதாக ஒரு யூனிட் ஆரம்பிக்கிறது. இங்கிருந்து அனுபவமுள்ள ஆட்கள் பத்துப் பேர் நிரந்தரமாக அங்கே போக வேண்டும். விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பம் வாங்கிக்கொள்ளலாம். எச்.ஆர். பேசி முடிக்கவில்லை, கேன்டீன் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சாம்பார் ஊற்றுகிற அம்மாகூடக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் தினமும் போய் வரலாம். பத்தொன்பது வருஷமாக எதைக் கேட்டு ஒப்பாரி வைத்தேனோ, அது தட்டில் வந்து நிற்கிறது. கையைத் தூக்காமல் இருக்க முடியுமா? தூக்கினேன். கைதட்டினார்கள். விண்ணப்பத்தில் கடைசிக் கட்டத்தில் மனைவி அல்லது கணவரின் கையெழுத்து கேட்டிருந்தார்கள். முன்பு ஒருமுறை ஒருவர் வீட்டில் சொல்லாமல் மாற்றல் வாங்கிவிட்டதால், அவர் மனைவி கம்பெனி கேட்டுக்கு வந்து செக்யூரிட்டியின் தொப்பியைப் பிடுங்கி எறிந்த சம்பவம் நடந்ததாம். அதிலிருந்து இந்த விதி. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் அன்று புதிதாக வந்த பெண் ஒருத்திக்கு வேலை பழக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அவளுக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் போட்டு மனதை இளக்கிவிட்டுச் சொல்லலாம் என்று ஸ்பீக்கரை எடுத்தேன். மிக்ஸி ஓட ஆரம்பித்தது. நான் போனால் அவள் வேலை போய்விடும், மகள் பள்ளிக்கூடம் மாற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் மிக்ஸி நிற்கும்வரை காத்திருக்காமல் கடைக்குப் போய்விட்டேன்.

இங்கேதான் எங்கள் பஸ்ஸின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாராவது வேலையை விட்டுப் போனாலோ, மாற்றலாகிப் போனாலோ, அவருடைய கடைசி நாளில் கிழமை கணக்குக் கிடையாது. போகவர அவர் ஊர்ப் பாட்டு மட்டும்தான். ஓசூர் ரோஜாவில் கெட்டியாக ஒரு மாலை. போகிறவர் பஸ் நடுவில் நின்று ஒரு பாட்டு பாட வேண்டும். மாலைக்குப் பூ கொடுப்பது உத்தனப்பள்ளிக்காரர். விண்ணப்பக் கெடு முடிகிற வாரம் புதன்கிழமை அவர் என் காதில் வந்து சொன்னார்.

“அண்ணா, அடுத்த வாரம் ஆயுத பூஜை. தோட்டத்துல ஒரு பூ நிக்காது, அத்தனையும் லோடு போயிரும். அப்புறம் உங்களுக்கு செவ்வந்தி மாலைதான் போடணும். நல்லா இருக்குமா? அதனால நாளான்னைக்கே வச்சிக்கலாம்.”

“இன்னும் முடிவே ஆகலை. ஃபாரமே குடுக்கலைப்பா” என்றேன்.

“நீங்க போகாம வேற யாரு போவாங்க? பத்து வருசமா பாத்துனுதான இருக்கறம்?”

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் மறுத்தால், ஏன் என்று கேட்பார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று ‘ஏலே’ போடுகிற ஆள் எப்படிச் சொல்வது? சரி என்றேன். ஆக, மாற்றல் கிடைப்பதற்கு முன்னால், விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால், மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால், ரோஜாவின் வசதிக்காக எனக்குப் பிரியாவிடை நடந்தது. ஓசூரைத் தவிர வேறெங்கும் ஒரு மனிதனுக்கு இப்படி நடக்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை சாமி பாட்டை ஒத்திவைத்துவிட்டுப் போகவர என் பென் டிரைவ். திரும்பி வரும்போது மாலையைப் போட்டார்கள். என் கழுத்து கனத்தது, உண்மையிலேயே அவ்வளவு பூ. பாடச் சொன்னார்கள். மண்ணைப் பற்றிய பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். இரண்டாவது சரணம் மறந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாகக் கேட்ட பாட்டு, தொண்டைக்குள் வரவே மாட்டேன் என்கிறது. பின் சீட்டிலிருந்து கன்னடக்காரர் ஒருவர், லேத் ஆபரேட்டர், எடுத்துக் கொடுத்தார். அவர் தப்பில்லாமல் முழுச் சரணத்தையும் பாடினார். பஸ்ஸே கைதட்டியது. பிறகு உத்தனப்பள்ளிக்காரர் எழுந்து, “அண்ணா இல்லாம பஸ் பஸ்ஸாவே இருக்காது” என்று தொடங்கினார். குரல் உடைந்தது. எனக்கும் கண்ணில் நீர் வந்தது. அவர் சுதாரித்துக்கொண்டு, “சரி, இனிமே திங்கக்கெழம யாருக்கு?” என்றார். அதற்குள் கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். நான் இறங்கும்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. யாரும் எனக்கு டாட்டா காட்டவில்லை.

மாலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். என் மனைவியும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்த்தாள்.

“யாருங்க போய்ட்டாங்க?”

“நான்தான்” என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். யூனிட், தூத்துக்குடி, கேன்டீன், கைதட்டல், மாலை. டிபன் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒன்பது நாள் டிபன் பையில் கிடந்ததால் ஓரத்தில் ரசக் கறை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்களைத் தயார்செய்தும் வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. தொழிற்சாலையில் வேலைச் சீட்டைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே வரை படித்தாள். பேனாவை எடுத்தாள்.

“போட்டுர்றேன்” என்றாள். “பதினேழு வருசமா கேட்டுனு இருக்கறேன். அங்க போனாலாவது இந்தப் பாட்டு நிக்கும்ல?”

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பேனா அந்தத் தாளைத் தொடப் போனபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? அண்ணனையும் அவன் கடனையும் தெரியும். கூடப் படித்தவர்கள் எல்லாரும் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள், என்னைப் போலவே ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டு. திங்கட்கிழமை அங்கே யாருக்கு நான் பாட்டு போடுவேன்? அங்கே எல்லாருமே தென் மாவட்டம்.

பேனா பாதியில் நின்றது. “ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “எங்கூரு பாட்டு ஒண்ணு போடுங்க. கேட்டுட்டு கையெழுத்து போடறேன்.”

“உங்க ஊர்ப் பாட்டா?”

“ஏன், எங்கூருக்குப் பாட்டு இருக்காதா?”

போனை எடுத்தேன். மதுரைக்குப் பாட்டு உண்டு. நெல்லைக்கு உண்டு. தஞ்சாவூருக்கு, கோயம்புத்தூருக்கு, சென்னைக்கு ஆயிரம் உண்டு. கல்லாவி என்று அடித்துத் தேடினேன். பாட்டு இல்லை. கிருஷ்ணகிரி என்று தேடினேன். அணை வந்தது, மாம்பழம் வந்தது, விபத்துச் செய்தி வந்தது. ஊத்தங்கரை என்று தேடினேன். பஸ் நேரம் வந்தது. எந்தக் கதாநாயகனும் இந்தப் பக்கத்திலிருந்து மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பியதில்லை. எந்தக் கதாநாயகியும் கல்லாவி மண்ணெடுத்து நெற்றியில் பூசியதில்லை. எனக்கு ஏங்குவதற்குச் சினிமா இருநூறு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தது. அவளுக்கு ஒன்றுகூட இல்லாததால் அவளுக்கு ஏக்கமே இல்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

கடைசியில் யாரோ செல்போனில் எடுத்த ஒரு வீடியோ கிடைத்தது. கல்லாவிச் சந்தை. ஆடு விற்கிறார்கள். பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆடு கத்துகிறது, தக்காளிக்காரர் ஒருவர் கூவுகிறார், யாரோ யாரையோ திட்டுகிறார்கள், பின்னால் ஒரு பஸ் ஹாரன். பாட்டு இல்லை, இதுதான் இருக்கிறது என்று போனை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி தட்டினாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது அழுதாள். எனக்கு அவள் அழுவதைப் பார்த்துப் பழக்கமில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் மாலையை எடுத்து ஜன்னலில் மாட்டினேன்.

“அந்தப் புளியமரத்த வெட்டிட்டாங்க” என்றாள். “எப்பன்னே தெரியல.”

மகள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு அறைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடைக்கும் லீவு போட்டு, ராத்திரி பஸ்ஸில் முட்டி இடிக்க, என் ஊருக்குப் போயிருக்கிறோம். கல்லாவிக்குக் கல்யாணம், சாவு என்றால் மட்டும் போவோம். காலையில் போய், சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமே திரும்பிவிடுவோம். அவள் ஒருநாளும் தங்கலாம் என்று கேட்டதில்லை. நான் ஒருநாளும் தங்குகிறாயா என்று கேட்டதில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தாள். குடும்பத்தின் சொந்த ஊர் என்று ஒரு வரி இருந்தது. அதில் நான் என் ஊரை எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இதுல ஒரு ஊருக்குத்தான் எடம் வச்சிருக்கறாங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. லைனில் ஒரு பாகம் குறைகிறது என்று சொல்வாளே, அந்த மாதிரி சொன்னாள். பிறகு கையெழுத்தைப் போட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாகப் பாட்டுப் போடாமல் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் நான் பஸ்ஸில் ஏறியபோது டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மறந்துவிட்டார். மாலை போட்டு அனுப்பிவைத்த ஆள் மறுநாள் காலையில் வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்? விண்ணப்பம் கொடுக்கப்போவதில்லை என்றேன். உத்தனப்பள்ளிக்காரர், “அப்ப எம்பூவு?” என்றார். பின் சீட்டில் ஒருவர் என்னுடைய திங்கட்கிழமை நேற்றே தெலுங்குக்குப் போய்விட்டதாகத் தெரிவித்தார். போகட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பெயர் கொடுத்துவிட்டு விலகுபவர்கள் காரணம் எழுதித் தர வேண்டுமாம். எச்.ஆரில் இருக்கிற பெண் ஒரு வெள்ளைத்தாளை நீட்டியது. சின்னப் பெண், திருச்சிப் பக்கம் என்று ஞாபகம். என்னுடைய பயத்தை எழுத நினைத்தேன். எழுதக் கை வரவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது, அதுவும் பொய்யில்லை. ‘என் மனைவி அவருடைய ஊரை நினைத்து வருந்துவதால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தது.

“உங்க வொய்ப் எந்த ஊர் சார்?”

“கல்லாவி.”

“கல்லாவியா? இங்க இருக்கற கல்லாவிதான? கிட்டதான சார், இதுக்குப் போயா வருத்தப்படுவாங்க?”

“பதினேழு வருஷமா நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்” என்றேன்.